சத்து மாத்திரை

எங்கள் வீட்டில் அந்த நோய்க்குப் பெயர் கிடையாது. ‘அது’ என்றுதான் சொல்வோம். அது வந்து ரொம்ப நாளாயிற்று, தூக்கம் கெட்டால் அது வந்துவிடும், இன்றைக்கு அது வருகிற மாதிரி இருக்கிறதா. சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கும் சொந்தக்காரரைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும். வலிப்பு என்ற சொல்லை அப்பா வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அம்மா சொல்வாள், ஆனால் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு வந்தால் மட்டும்.

அக்காவுக்கு அது முதன்முதலில் வந்தபோது அவளுக்குப் பதிமூன்று வயது, எனக்கு எட்டு. குரோம்பேட்டை ஸ்டேஷனில் மின்சார ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தோம். என்னோடு பேசிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். கண்கள் ஒரு பக்கமாகப் போயின. விறைத்துக்கொண்டு விழுந்தாள். எங்கிருந்துதான் வந்தார்களோ, சுற்றிலும் கூட்டம். ஒருவர் சாவிக்கொத்தை அவள் கையில் திணித்தார், இன்னொருவர் ஷூவைக் கழற்றி மோந்து பார்க்க வைக்கச் சொன்னார். எல்லாம் அடங்கியபோது அவள் பாவாடை நனைந்திருந்தது. அப்பா தன் சட்டையைக் கழற்றி அவள் இடுப்பில் சுற்றினார். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வெறும் பனியனோடு ஸ்டேஷன் படிகளில் ஓடினார். அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா, தெருமுனைக் கடைக்குக்கூட இஸ்திரி போட்ட சட்டை இல்லாமல் போகாதவர். அப்பா மறைக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அதில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் வயதான டாக்டர் ஒருவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வருஷக்கணக்கில் சாப்பிட வேண்டும், ஒருநாளும் விடக் கூடாது, சட்டென்று நிறுத்தினால் முன்பு வந்ததைவிட மோசமாக வரும், உயிருக்கே ஆபத்து என்றார். அப்புறம் இன்னொன்றும் சொன்னார். ஒரு சீட்டில் நோயின் பெயர், மாத்திரையின் பெயர், அளவு, வீட்டு விலாசம் எல்லாம் எழுதி இந்தப் பெண்ணின் பையில் எப்போதும் வைத்திருங்கள், எங்கே விழுந்தாலும் பார்க்கிற டாக்டருக்கு உதவும் என்றார். அப்பா பயபக்தியோடு தலையாட்டினார். மாத்திரையை ஒழுங்காக வாங்கினார். சீட்டு மட்டும் பையில் ஏறவே இல்லை. பள்ளிக்கூடத்தில் யாராவது எடுத்துப் படித்துவிட்டால் என்ன ஆவது?

மாத்திரைகூட எங்கள் பக்கத்தில் வாங்க மாட்டோம். அஸ்தினாபுரத்தில் மருந்துக்கடை இருந்தது, குரோம்பேட்டையில் நாலைந்து இருந்தன. ஆனால் கடைக்காரருக்குத் தெரிந்தால் காலனிக்கே தெரிந்த மாதிரி. அதனால் தாம்பரத்தில் மேற்குப் பக்கம் ஒரு கடை. கொஞ்சம் வளர்ந்ததும் நான்தான் போய் வாங்கி வருவேன். மாத்திரையின் பெயர் எனக்குப் பெருக்கல் வாய்ப்பாடுபோல மனப்பாடம். அக்காவுக்கு வருஷத்தில் ஒருமுறை வந்தால் அதிகம் என்ற அளவுக்கு அடங்கிப் போனது. பி.ஏ. முடித்தாள், தையல் கற்றுக்கொண்டாள், எனக்குத் தாவணிக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தாள். பார்க்கிறவர்களுக்கு எங்கள் இரண்டு பேரில் நான்தான் நோயாளி மாதிரி இருப்பேன்.

அப்பாவைப் பற்றி ஒன்றைச் சொல்லாவிட்டால் அநியாயம். முதலில் பெண் பார்க்க வந்தவர்களிடம் அவர் உண்மையைச் சொன்னார். மாப்பிள்ளையின் அப்பாவைத் தனியாக மொட்டை மாடிக்கு அழைத்துப் போய்ச் சொன்னார். அவர்கள் கேசரித் தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். போனவர்கள் சும்மா போகவில்லை. அடுத்து வருவதாக இருந்த இரண்டு வரன்களும் கடுதாசி போட்டு நின்றுபோயின. அலுவலகத்தில் சட்டம் தெரிந்த நண்பர் ஒருவரிடம் அப்பா மெதுவாக விசாரித்திருக்கிறார். அந்த நோய் இருப்பவருடைய கல்யாணத்தைக் கோர்ட்டே செல்லாது என்று சொல்லிவிடலாம், அன்றைய சட்டம் அப்படி. அதைக் கேட்டு வந்த பிறகு அப்பா மாடிக்கு யாரையும் அழைத்துப் போகவில்லை.

கூடுவாஞ்சேரியிலிருந்து வரன் வந்தது. பழைய ஊர்க்காரர்கள். ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி நிலம் இருந்தது, பாதியை மனை போட்டு விற்றுவிட்டு சிமெண்ட், கம்பி விற்கும் கடை வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை ஒரே மகன், அதிர்ந்து பேசாதவர். பெண் பார்க்க வந்த அன்றைக்கே நாள் குறித்துவிட்டார்கள்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா பாத்ரூமுக்கு வெளியே பாய்லர் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார். அக்காவின் ஆஸ்பத்திரிச் சீட்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே போட்டுக்கொண்டிருந்தார். கிணற்று மோட்டார் வாங்கிய ரசீதைப் பத்து வருஷம் கழித்துக் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கிற மனிதர். கரண்ட் பில், வீட்டு வரி, என் பள்ளிக்கூட மார்க் ஷீட், எல்லாம் ஓட்டை போட்டு நூல் கோத்து அடுக்கியிருப்பார். அவர் எரித்து நான் பார்த்த காகிதங்கள் இவை மட்டும்தான். அந்த வெந்நீரில்தான் அன்றைக்கு எல்லோரும் குளித்தோம்.

மாத்திரைக்கு ஒரு வழி செய்தார். ஒரு சத்து மாத்திரை பாட்டில் வாங்கி, உள்ளே இருந்ததைக் கொட்டிவிட்டு, அக்காவின் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து அதில் நிரப்பினார். பழுப்புக் கண்ணாடி, வெளியே பழத்தட்டு படம். “ரத்தம் கம்மின்னு டாக்டர் கொடுத்தாருன்னு சொல்லிடு. யாரும் மேல கேக்க மாட்டாங்க” என்று அக்காவிடம் சொன்னார். அவர் சொன்னது சரிதான், யாரும் கேட்கவில்லை. மாதம் ஒருமுறை பூவும் பழமும் வாங்கிக்கொண்டு மகளைப் பார்க்கப் போவார். பழப்பைக்கு அடியில் அடுத்த மாதத்துக்கான பொட்டலம் இருக்கும். எவ்வளவு பாசமான அப்பா என்று கூடுவாஞ்சேரியில் நல்ல பெயர்.

கர்ப்பமானதும் அங்கே பக்கத்தில் இருந்த ஒரு நர்ஸம்மாவிடம் காட்டினார்கள். அவர் இரும்புச் சத்து மாத்திரையும் டானிக்கும் எழுதிக் கொடுத்தார். அக்கா அவரிடமும் எதுவும் சொல்லவில்லை, மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். மருமகளுக்குத் தலை வாரிவிடுகிற மாமியாரை நான் அங்கேதான் பார்த்தேன். அந்த அத்தைக்கு ஒரு கவலை. ஏற்கெனவே ஒரு சத்து மாத்திரை சாப்பிடுகிறாள், இப்போது இன்னொன்று, மேலே டானிக் வேறு. இப்படிச் சத்தாகச் சாப்பிட்டால் வயிற்றில் பிள்ளை பெருத்துவிடும், பிரசவம் கஷ்டமாகிவிடும். அந்தப் பக்கம் எல்லோரும் சொல்கிறதுதான். ஒருநாள் அத்தை பழைய பாட்டிலை எடுத்து, மாத்திரைகளைத் தோட்டத்துக் குப்பைக் குழியில் கொட்டிவிட்டு, பாட்டிலைக் கழுவி ஏலக்காய் போட்டு வைத்துவிட்டார். மருமகளிடம் நல்ல மனதோடு சொல்லவும் சொன்னார், இனிமேல் இந்த நர்ஸம்மா கொடுத்தது மட்டும் போதும் என்று.

அக்காவால் என்ன சொல்ல முடியும்? வேண்டும் என்று அடம்பிடித்தால் ஏன் என்று கேட்பார்கள். அந்த மாதம் அப்பாவும் போகவில்லை. வளைகாப்புக்கு நாள் குறித்தாயிற்று, அன்றைக்கு எப்படியும் எல்லோரும் போகிறோம், வளைகாப்பு முடிந்ததும் பிரசவத்துக்கு வீட்டுக்கே அழைத்து வந்துவிடப் போகிறோம், நடுவில் எதற்கு அலைச்சல் என்று விட்டுவிட்டார். அக்காவும் அதே கணக்குத்தான் போட்டிருக்கிறாள். வளைகாப்பு வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட்டால் வீட்டுக்குப் போய்விடலாம்.

வளைகாப்பு அன்று காலையில் அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. தூங்காத கண். பட்டுப்புடவை, சந்தனம், மாலை, அத்தனைக்கும் நடுவில் முகம் மட்டும் வேறு யாருடையதோபோல இருந்தது. கூடம் நிறையப் பெண்கள். என் முறை வந்தபோது கன்னத்தில் சந்தனம் பூசி வளையல் போட்டேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக் காதில் சொன்னாள். “மாத்திரை ரெண்டு வாரமா இல்ல. வீட்டுக்குப் போனதும் மொத வேலையா அதக் கொடு.” வெளியே பந்தலில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் ஓடினேன். அப்பா எழுந்து செருப்பைத் தேடுவதற்குள் உள்ளே சத்தம் கேட்டது.

கைநிறையக் கண்ணாடி வளையல்களோடு அவள் தரையில் அடித்துக்கொண்டிருந்தாள். யாரோ சாவி, சாவி என்றார்கள். ஒரு கிழவி அந்த நோயின் பெயரைச் சொல்லிவிட்டாள். அம்மா உடனே, “அதெல்லாம் இல்ல, காலைலேருந்து வெறும் வயிறு, பித்த மயக்கம்” என்று சத்தமாகச் சொன்னாள். மகளைத் தொடுவதற்கு முன்னால் அதைச் சொன்னாள். எங்களை வீட்டுக்கு அழைத்துப் போக வாடகைக்குப் பிடித்திருந்த அம்பாசிடரில் அக்காவைத் தூக்கிப் போட்டுக்கொண்டு தாம்பரத்துக்கு விட்டோம். வண்டலூர் தாண்டும்போது மறுபடியும் வந்தது. நடுவில் அவளுக்கு நினைவு திரும்பவே இல்லை.

தாம்பரத்தில் ஒரு சின்ன நர்ஸிங் ஹோம். டாக்டர் என்று ஒரு லேடி டாக்டர் மட்டும் இருந்தார். நர்ஸ் ஊசி போட நரம்பு தேடினார். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் வளையல். உடைத்து எடுக்கணும் என்றார். பிள்ளை பெறுகிற வரைக்கும் அதைக் கழற்றக் கூடாது, உடைக்கவே கூடாது என்று அம்மா கைகூப்பி அழுதாள். நர்ஸ் அலுத்துக்கொண்டு காலில் நரம்பு தேடப் போனார்.

டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார். கால் வீங்கியிருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தார். கர்ப்பத்தில் அழுத்தம் ஏறி வருகிற வலிப்பு என்றுதான் முதலில் நினைத்திருக்கிறார், ஆனால் அளவு ஒத்துவரவில்லை. வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறாளா என்று மாமாவிடம் கேட்டார். அக்காவின் புருஷனை மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர் பாவம், தெரிந்ததைச் சொன்னார், கல்யாணம் ஆனதிலிருந்து சத்து மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், இப்போது அதுவும் இல்லை. டாக்டர் அப்பா பக்கம் திரும்பினார்.

“முன்னாடி எப்பவாவது ஃபிட்ஸ் வந்திருக்கா? சின்ன வயசுல?”

பக்கத்தில் சம்பந்தி நின்றிருந்தார், மாப்பிள்ளை நின்றிருந்தார், வாசலில் அத்தை நின்றிருந்தார். கட்டிலில் மகள் கிடந்தாள். அப்பா எல்லோரையும் ஒரு தடவை பார்த்தார்.

“இல்ல டாக்டர். எங்க குடும்பத்துலயே யாருக்கும் அப்படி எதுவும் கிடையாது.”

குரல் நடுங்கவில்லை. அத்தனை வருஷப் பழக்கம். அந்த நிமிஷத்தில் அப்பாமேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இன்றுவரை பெயர் வைக்க முடியவில்லை. அம்மா என் கையைப் பிடித்து நெரித்தாள். எனக்கும் புரிந்துதான் இருந்தது, வாயைத் திறந்தால் அக்காவின் கல்யாணம் அங்கேயே முடிந்தது. திறக்காவிட்டால் அக்காவே முடிந்தாள்.

“இருக்கு டாக்டர்” என்றேன். “பதிமூணு வயசுலேருந்து இருக்கு. ரெண்டு வாரமா மாத்திரை நின்னுபோச்சு.” மாத்திரையின் பெயரைச் சொன்னேன், காலையில் ஒன்று இரவில் ஒன்று என்றும் சொன்னேன். எத்தனை மில்லிகிராம் என்று கேட்டார். அப்பாதான் கடைசியாக வாங்கிக்கொண்டிருந்தார், கல்யாணத்துக்குக் கொஞ்சம் முன்னால் டாக்டர் அளவை மாற்றியிருந்தார், எனக்குத் தெரியவில்லை. பழைய சீட்டு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் யாரையும் திட்டவில்லை, அதற்கு நேரமில்லை. ஒரு ஊசி போட்டு, ஒரு தாளில் கிறுக்கி என் கையில் கொடுத்து, இதை யாரிடமும் கொடுக்காமல் நீயே கொண்டு போய்க் காட்டு என்று சொல்லி, சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே தாளைப் பார்த்ததும் யாரும் கேள்வி கேட்கவில்லை, நேராக உள்ளே கொண்டு போனார்கள். வலிப்பு நின்றது. குழந்தையின் நாடி முன்பே நின்றிருந்தது. ஆண் குழந்தை. அக்காவுக்கு நினைவு தெளிய இரண்டு நாள் ஆயிற்று. தெளிந்த பிறகும் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் கொஞ்சம் தேடுகிறவளாக ஆகிவிட்டாள். அது கடைசிவரை சரியாகவில்லை.

மூன்றாம் நாள் அத்தை வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து அம்மா என் பின்னால் ஒதுங்கினாள். அத்தை வராந்தாவில் அப்பா எதிரே போய் நின்றார். கையில் அந்தப் பழுப்பு பாட்டில். ஏலக்காயைக் கொட்டிவிட்டு எடுத்து வந்திருக்கிறார்.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் இதத் தொட்டிருப்பனா? என் கையாலயே என் பேரப்புள்ளய கொல்ல வெச்சிட்டீங்களே” என்றார்.

அத்தை பெஞ்சில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அந்தக் குடும்பத்தில் எனக்கு யார்மேலாவது கோபம் இருந்திருந்தால் அன்றோடு போயிற்று. மாமாவும் கெட்டவர் இல்லை. சொல்லியிருந்தால் நானே மாத்திரை வாங்கிக் கொடுத்திருப்பேனே என்று என்னிடம் சொன்னார். இப்போது சொல்வது சுலபம், முன்னாலேயே தெரிந்திருந்தால் கேசரித் தட்டை வைத்துவிட்டுப் போன ஆட்கள் மாதிரிதான் நீங்களும் போயிருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல மனம் வரவில்லை.

அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். கொஞ்ச நாள் கழித்து அவள் பாத்திரங்களும் கட்டிலும் ஒரு வேனில் வந்தன. கோர்ட்டுக் காகிதம் வந்தது. அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், நகலை ஓட்டை போட்டு நூல் கோத்து வைத்துக்கொண்டார். மாமா வேறு கல்யாணம் செய்துகொண்டார் என்று பிறகு தெரிந்தது. நீ வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று அம்மா ஒருநாள் என்னிடம் நேராகவே சொன்னாள். அக்கா உயிரோடு இருப்பது அம்மாவின் கணக்கில் வரவில்லை. நான் பதிலுக்குக் கத்தினேன். கத்தி ஒரு பயனும் இல்லை. அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தவில்லை, நேராகப் பார்ப்பதை மட்டும் நிறுத்திவிட்டார். அக்கா எதுவும் கேட்கவில்லை. டாக்டரிடம் யார் சொன்னது, எப்படிச் சொன்னது, எதுவும். தெரியும் என்று மட்டும் எனக்குத் தெரியும்.

எனக்கு வரன் பார்க்கத் தொடங்கியபோது வந்தவர்களிடமெல்லாம் நானே சொல்லிவிடுவேன், என் அக்காவுக்கு வலிப்பு இருக்கிறது என்று. காபி டம்ளரை வைக்கும்போதே சொல்லிவிடுவேன். நிறையப் பேர் ஓடினார்கள், வேடிக்கையாகத்தான் இருக்கும். கடைசியில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்திலேயே ஒரு வாத்தியார் ஓடாமல் நின்றார். அவரைக் கட்டிக்கொண்டு மேற்குத் தாம்பரத்துக்குக் குடிபோனேன். எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. வீட்டுக்காரர், பிள்ளை, மாமனார், எல்லோருடைய ரத்த வகை, ஒவ்வாத மருந்து, டாக்டர் பெயர், எல்லாவற்றையும் எழுதி அவரவர் பையில் போட்டுவிடுவேன். சட்டையைத் துவைக்கிறபோது பையைத் தடவிப் பார்ப்பேன். வீட்டில் கேலி செய்வார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் அக்கா பல்லாவரம் பக்கம் துணி ஏற்றுமதி செய்யும் ஒரு தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போகத் தொடங்கினாள். தனியாக பஸ்ஸில் போய்வருகிறாள் என்று கேட்டதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு அட்டை தயார் செய்தேன். அவள் பெயர், பெரிய எழுத்தில் வலிப்பு நோய் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும், மாத்திரையின் பெயர், மில்லிகிராம், என் வீட்டு போன் நம்பர். தாம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் லேமினேஷன் செய்யும் கடையில் கொடுத்து, தண்ணீர் பட்டாலும் அழியாத மாதிரி செய்து வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு அஸ்தினாபுரத்துக்குப் போனேன்.

அக்கா அடுக்களையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு அட்டையை வாங்கினாள். வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். எழுத்து தெளிவாக இருக்கிறது என்றாள். அப்புறம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சொல் தேடுகிறாள் என்று நினைத்தேன்.

“நான் ரோட்டுல எங்கயாவது விழுந்தா, இதப் படிச்சுட்டு சரியான மருந்து கொடுத்துடுவாங்க, இல்ல?”

“ஆமாக்கா. அதுக்குத்தான்.”

“பொழச்சுடுவேன்.”

“ஆமா.”

“அன்னிக்குப் பொழச்ச மாதிரி.”

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

அட்டையை முந்தானையால் ஒருமுறை துடைத்து என் மடியில் வைத்தாள்.

“அப்போ இது எனக்கு வேணாம்” என்றாள்.